ஒரு மில்லிமீட்டர் புழுவுக்குத் தனித் தரவுத்தளம் எதற்கு?

கேள்வி, 8 அக்டோபர் 2024

"நேற்று அறிவித்த மருத்துவ நோபல் மறுபடியும் ஒரு புழுவின் வழியாக வந்திருக்கிறது. அதைப் பற்றித் தேடியபோது வொர்ம்பேஸ் என்றொரு தளம் கண்ணில் பட்டது. பழ ஈக்கு ஃப்ளைபேஸ், ஈஸ்டுக்கு ஒன்று, வரிமீனுக்கு (ஜீப்ராஃபிஷ்) ஒன்று, எலிக்கு ஒன்று. மரபணு வரிசைகள் எல்லாம் ஜென்பேங்கில் இலவசமாகக் கிடைக்கும்போது ஒவ்வொரு பூச்சிக்கும் தனித் தளம், தனி ஊழியர், தனி மானியம் எதற்கு? வேலை இல்லாத உயிரியலாளர்களுக்கு வேலை கொடுக்கும் ஏற்பாடா?"

8 அக்டோபர் 2024, இரவு

கடைசி வரியை ரசித்தேன். அந்தப் புழுவை, சி. எலிகன்ஸை, வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் என் பதிலில் சார்பு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஜென்பேங்க் ஓர் ஆவணக் காப்பகம். வரிசையைப் பதிந்தவரே அந்தப் பதிவுக்கு உரியவர்; பிழை இருந்தால் அவர்தான் திருத்த வேண்டும். அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், துறையை விட்டே போயிருக்கலாம். பதிவு அப்படியே நிற்கும். காப்பகம் அப்படித்தான் இருக்க வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மரபணுவைப் பற்றி இன்றைய தேதியில் என்ன தெரியும், யார் சொன்னதை யார் மறுத்தார்கள், அதில் சடுதிமாற்றம் உள்ள புழுவை யாரிடம் வாங்கலாம் என்று கேட்டால் காப்பகத்திடம் பதில் கிடையாது. வொர்ம்பேஸிடம் உண்டு. காரணம் எளிது: அங்கே சம்பளத்துக்கு அமர்ந்து கட்டுரை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

9 அக்டோபர் 2024

"உதாரணம் கொடுங்கள்" என்று வந்திருக்கிறது. கொடுக்கிறேன்.

1988இல் ஃபிரீட்மனும் ஜான்சனும் ஏஜ்-1 என்ற மரபணுவை விவரித்தார்கள். அது கெட்டுப்போன புழு வழக்கத்தைவிட அதிக நாள் வாழ்ந்தது. வேறொரு பக்கம், டாவர் என்ற நிலையை ஆராய்ந்தவர்கள் டாஃப்-23 என்ற மரபணுவைக் கண்டார்கள். டாவர் என்பது உணவு இல்லாதபோது இளம் புழு தன்னைப் பூட்டிக்கொள்ளும் நிலை. அதில் மாதக் கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆயுளை ஆராய்ந்தவர்கள் ஒரு பெயரில் எழுதினார்கள், டாவரை ஆராய்ந்தவர்கள் இன்னொரு பெயரில். 1996இல்தான் இரண்டும் ஒரே மரபணு, இன்சுலின் சமிக்ஞைப் பாதையில் உள்ள ஒரு நொதிக்கானது என்று தெளிவாகியது.

கட்டுரைகள் தாமாகத் திருந்துவதில்லை. 1996க்கு முன் அச்சானவற்றில் டாஃப்-23 இன்னும் டாஃப்-23தான். இன்று ஒரு மாணவி அந்தப் பெயரைத் தேடினால் ஏஜ்-1 பக்கத்துக்குப் போய்ச் சேருகிறாள். யாரோ ஒருவர் இரண்டு குவியல் கட்டுரைகளையும் படித்து ஒரே அடையாள எண்ணின் கீழ் கொண்டுவந்து வைத்த வேலை அது. ஒரு பெயருக்கு இரண்டு மரபணு, ஒரு மரபணுவுக்கு நான்கு பெயர், கணினி ஒரே மரபணு என்று கணித்ததை இரண்டாகப் பிளக்க வேண்டிய சிக்கல் என்று இப்படி ஏராளம்.

9 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

ஒருவர் சரியான இடத்தில் குத்தியிருக்கிறார்: "ஜென்பேங்கை நடத்தும் என்.சி.பி.ஐ.யிலேயே ரெஃப்செக் என்று சரிபார்த்த தொகுப்பு இருக்கிறதே?" இருக்கிறது. அதில் இந்தப் புழுவின் மரபணு விவரங்கள் எங்கிருந்து போகின்றன தெரியுமா? வொர்ம்பேஸிலிருந்து.

12 அக்டோபர் 2024

நோபலில் தொடங்கிய பேச்சு என்பதால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பகிர்தல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

இந்த நோபலைப் பெற்ற இருவரில் விக்டர் ஆம்ப்ரோஸ் அன்று ஹார்வர்டில் லின்-4 மரபணுவைத் துரத்திக்கொண்டிருந்தார். மற்றவர் கேரி ரவ்கன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லின்-14ஐ ஆராய்ந்தார். முதலாவது இரண்டாவதை அடக்குகிறது என்று மரபியல் சொன்னது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. லின்-4 புரதமே உண்டாக்கவில்லை, 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ. மட்டுமே அதிலிருந்து வந்தது. 1992 ஜூனில் இருவரும் வெளியிடாத தங்கள் வரிசைகளை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே அதைக் கண்டுபிடித்தார்கள்: லின்-14இன் செய்தி ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளோடு அந்த 22 எழுத்து ஜோடி சேர்ந்து அதை அடக்குகிறது. 1993இல் செல் இதழில் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வந்தன.

அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அதைப் புழுவின் விநோதம் என்று ஒதுக்கினார்கள். 2000இல் ரவ்கன் ஆய்வகம் லெட்-7ஐக் கண்டுபிடித்து, அப்போது பொதுவில் வந்துகொண்டிருந்த ஈ, மனித மரபணுத்தொகைத் தரவுகளில் தேடியபோது அதே வரிசை அங்கேயும் இருந்தது. விநோதம் அன்றோடு செத்தது. வரிசைகள் யாராவது ஒருவரின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்திருந்தால் இன்னும் எத்தனை ஆண்டு போயிருக்குமோ.

12 அக்டோபர் 2024, இரவு

இந்தப் பழக்கம் இணையத்துக்கு முந்தையது. 1975இல் பாப் எட்கர் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸிலிருந்து 'வொர்ம் பிரீடர்ஸ் கெஜட்' என்ற தாளைத் தொடங்கினார். இன்னும் வெளியிடாத முடிவுகளை ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள். எழுதியவரின் அனுமதி இல்லாமல் மேற்கோள் காட்டக் கூடாது என்பது விதி.

பிறகு கேம்பிரிட்ஜில் ஜான் சல்ஸ்டனும் ஆலன் கூல்சனும் புழுவின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாகப் பாக்டீரியாவில் வளர்த்து, எந்தத் துண்டுக்கு அடுத்து எது என்று வரைபடம் போட்டார்கள். செயின்ட் லூயிஸில் பாப் வாட்டர்ஸ்டன் சேர்ந்துகொண்டார். "என் மரபணு எங்கே?" என்று எழுதிக் கேட்டால், அந்த இடத்துத் துண்டைத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். 1989இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கூட்டத்துக்கு அந்த வரைபடத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார்கள். அதே காலத்தில்தான் ரிச்சர்ட் டர்பினும் ஜான் தியெரி-மியேயும் ஏஸ்டிபி என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். வரைபடம், வரிசை, ஆய்வகங்கள், கட்டுரைகள் எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. வேண்டியவர் தன் கணினிக்கே இறக்கிக்கொள்ளலாம். வேறு உயிரிகளை ஆராய்ந்தவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

1998 டிசம்பரில் புழுவின் மரபணுத்தொகை வெளியானது: 9.7 கோடி எழுத்து, 19,000க்கு மேல் மரபணுக்கள். பல செல் விலங்குகளில் அதுதான் முதல். 2000இல் ஏஸ்டிபியின் உள்ளடக்கம் வொர்ம்பேஸ் என்று இணையத்துக்கு வந்தது. கேல்டெக், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர், செயின்ட் லூயிஸ், இங்கிலாந்தின் சாங்கர் மையம் என நான்கு இடத்து ஆட்கள் சேர்ந்து நடத்தினார்கள்.

13 அக்டோபர் 2024

ஈக்காரர் ஒருவருக்குக் கோபம். நியாயம்தான். பிரிட்ஜஸும் டெமரெக்கும் 'டிரோசோஃபிலா இன்ஃபர்மேஷன் சர்வீஸ்' என்ற சுற்றறிக்கையை 1934இலேயே தொடங்கிவிட்டார்கள். ஃப்ளைபேஸும் 1992இலேயே வந்துவிட்டது. புழுக்காரர்களுக்கு நல்ல பழக்கங்கள் ஈக்காரர்களிடமிருந்துதான் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பெயர் வைப்பதிலும் அவர்களே கெட்டிக்காரர்கள். மூளையில் ஓட்டை விழும் ஈக்கு 'சுவிஸ் சீஸ்' என்று பெயர் வைக்க எங்களால் முடியாது. எங்களுக்கு மூன்று நான்கு எழுத்து, ஒரு கோடு, ஒரு எண். ரேஷன் அட்டை மாதிரி இருக்கும். ஆனால் குழப்பம் குறைவு.

20 அக்டோபர் 2024

12ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். புழுக்காரர்கள் எல்லோரும் மகான்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. கொஞ்சம் இறக்க வேண்டும்.

அது சின்னக் கூட்டம். தொடக்கத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் ஆய்வகத்தில் தேறியவர்கள், அல்லது அவர்களிடம் தேறியவர்கள். ஒருவர் இன்னொருவரை ஏமாற்றினால் அடுத்த கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டும். தாராளத்தில் ஆதாயமும் இருந்தது: துண்டை வாங்கிய ஆய்வகம் தன் மரபணுவின் இடத்தை உறுதிசெய்து சொல்லும்போது சல்ஸ்டனின் வரைபடம் இன்னும் துல்லியமாகும். கொடுப்பவருக்கும் லாபம் உள்ள ஏற்பாடு என்பதால்தான் நீடித்தது. வெறும் நல்லெண்ணத்தை நம்பி எழுப்பிய எத்தனையோ தரவுத்தளங்கள் இன்று திறந்தால் வெற்றுப் பக்கம் காட்டுகின்றன.

அந்தச் சின்னக் கூட்டத்தின் வழக்கத்தைப் பெரிய கூட்டத்துக்கு விதியாக்கியது 1996இல் பெர்முடாவில். வரிசை கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்று மனித மரபணுத் திட்டத்தினர் ஒப்புக்கொண்டார்கள். அங்கே அதை அழுத்திப் பேசியவர்களில் சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும் முக்கியமானவர்கள்.

3 நவம்பர் 2024

"தரவு சரி, புழு எப்படி வரும்?" என்று கேட்டவருக்கு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சி.ஜி.சி. என்ற புழு வங்கி இருக்கிறது. தரவுத்தளத்தில் மரபணுப் பக்கத்தில் சடுதிமாற்றப் புழு வகைகளின் பட்டியல் வரும். அங்கிருந்து எண்ணைப் பிடித்து வங்கியில் எழுதிப்போட்டால் சிறிய கட்டணத்துக்கு அனுப்புவார்கள். உதாரணமாக டாஃப்-2 மரபணுவில் சடுதிமாற்றம் உள்ள புகழ்பெற்ற வகை சி.பி.1370. சி.பி. என்றால் கேம்பிரிட்ஜில் பிறந்தது என்று பொருள். சிந்தியா கென்யன் 1993இல் ஆயுள் இரட்டிப்பானதைக் காட்டியது டாஃப்-2 புழுக்களில்தான்.

பார்சல் இப்படித்தான் வரும்: அகார் தட்டில் புழுக்கள், சுற்றிலும் ஒட்டுப் படலம், அதற்கு மேல் ஓர் உறை. எங்களுக்கு வந்த ஒரு பார்சலை இறக்குமதிச் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். காகிதங்கள் எல்லாம் இருந்தன. "உள்ளே ஒன்றுமே இல்லையே, எதற்கு இத்தனை அனுமதிக் கடிதம்?" என்பதுதான் அங்கிருந்த அதிகாரியின் சந்தேகம். நிரூபிக்க நான் ஒரு லென்ஸ் கொண்டுபோனேன். அவர் பார்த்தார், நெளிகிறது என்றார், பிறகு இன்னொரு மேசைக்கு அனுப்பினார். தட்டு கைக்கு வந்தபோது உணவு தீர்ந்து, குட்டிகள் பட்டினியில் டாவராகிக் கிடந்தன. பாக்டீரியா தடவிய புதுத் தட்டில் விட்டதும் மறுநாள் சாதாரணமாக மேயத் தொடங்கின. அரசு அலுவலகத் தாமதத்துக்காகவே படைக்கப்பட்ட விலங்கு.

15 டிசம்பர் 2024

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தரவுத்தளத்தில் "இந்த மரபணுவின் பணி" என்று எழுதியிருப்பதை எல்லாம் ஒரே தராசில் போடாதீர்கள்.

ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுச் சொற்பட்டியலை 1998இல் ஈ, ஈஸ்ட், சுண்டெலித் தளங்கள் மூன்றும் சேர்ந்து தொடங்கின. எந்த உயிரியாக இருந்தாலும் ஒரே பணிக்கு ஒரே சொல். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் மூன்றெழுத்து இருக்கும். ஐ.எம்.பி. என்றால் சடுதிமாற்ற உயிரியை வைத்துச் சோதித்துப் பார்த்து, அதை ஒரு மனிதர் படித்துப் பதிந்தது. ஐ.இ.ஏ. என்றால் கணினி, வரிசை ஒற்றுமையை வைத்துத் தானே ஒட்டியது, யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது வகை எண்ணிக்கையில் மிக அதிகம். ஓர் ஆய்வேட்டில் முழு அத்தியாயமே ஐ.இ.ஏ. மேல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அந்த மூன்றெழுத்தைப் பற்றிக் கேட்டேன். அறை கொஞ்சம் குளிர்ந்தது.

எக்செல் பற்றியும் ஒரு வார்த்தை. மனித மரபணு செப்ட்2 அதற்குள் போனால் செப்டம்பர் 2ஆம் தேதியாக வெளியே வரும். கடைசியில் 2020இல் பெயரிடும் குழுவே செப்டின்2 என்று மாற்றிக்கொண்டது. அன்று மென்பொருள் மாறவில்லை, உயிரியல் மாறிக்கொண்டது!

19 ஜனவரி 2025

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார்: "சரி, மனிதனுக்கு என்ன பயன்?"

என் மைத்துனர் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். பிறந்த சில வாரங்களிலேயே வலிப்பு வரும் குழந்தைகளின் மரபணுப் பரிசோதனை அறிக்கைகளை அவர் படிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் அவ்வப்போது வரும் பெயர் எஸ்.டி.எக்ஸ்.பி.பி.1. இதன் புழு வடிவம் அங்க்-18. பிரென்னர் 1974இல் வெளியிட்ட முதல் பெரிய பட்டியலிலேயே இருக்கிறது. சரியாக நகர முடியாமல் தடுமாறும் புழு. ஈயில் அதன் பெயர் ராப். நரம்பு முனையிலிருந்து வேதித் தூதுவர்கள் வெளியேற இந்தப் புரதம் வேண்டும் என்ற அறிவின் கணிசமான பகுதி இந்தச் சின்ன உயிரிகளிலிருந்து வந்தது. இதெல்லாம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்றால் முன்பு நான்கு தளம் ஏற வேண்டும், நான்கிலும் நான்கு மொழி. 2016இல் புழு, ஈ, ஈஸ்ட், வரிமீன், சுண்டெலி, எலித் தளங்களும் ஜீன் ஆன்டாலஜியும் சேர்ந்து அலையன்ஸ் ஆஃப் ஜீனோம் ரிசோர்சஸ் என்ற ஒரே கூரையை அமைத்தன. இப்போது மனித மரபணுவின் பெயரைப் போட்டால் மற்றவை வரிசையாக வருகின்றன.

நண்பரின் முதல் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தேடுபொறி, சர்வர், மரபணுப் பக்கத்தின் வடிவம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தது வீண் செலவுதான். அமெரிக்க நிதி அமைப்புகளும் அதைச் சொல்லித்தான் நெருக்கின. மென்பொருளைப் பொதுவாக்கலாம். அங்க்-18 கட்டுரையைப் படிக்க மட்டும் புழு தெரிந்த ஆள்தான் வேண்டும்.

2 மார்ச் 2025

காசு பற்றி. அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியின் தளம் டேர். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை தன் மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 2013இல் நிறுத்தியது. நடத்தியவர்கள் ஃபீனிக்ஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனம் தொடங்கிச் சந்தாவுக்கு மாறினார்கள். சந்தா இல்லாதவர் மாதத்தில் சில பக்கங்கள் பார்க்கலாம். புதுத் தரவு ஓர் ஆண்டுக்குப் பின் எல்லோருக்கும் திறக்கும். தளம் பிழைத்தது, அது பெரிய விஷயம். ஆனால் மாவட்டத் தலைநகரக் கல்லூரியில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவனுக்கு "இந்த மாத அளவு முடிந்தது" என்ற அறிவிப்பு வரும்போது அவன் சந்தா கட்டப் போவதில்லை. பழைய கட்டுரையில் உள்ள பழைய பெயரோடு வேலையை முடித்துவிடுவான். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை; மாற்று வழி என்ன என்று கேட்டால் என்னிடமும் நல்ல பதில் இல்லை.

8 ஜூன் 2025

மார்ச் குறிப்பு இவ்வளவு சீக்கிரம் பழையதாகும் என்று நினைக்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான அமெரிக்க அரசு மானியங்களை மே மாதம் நிறுத்தியதில் ஃப்ளைபேஸின் மானியமும் அகப்பட்டுக்கொண்டது. அங்கே பலர் வேலை இழக்கிறார்கள். அதன் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் குழுவினர் உலக ஈக்காரர்களிடம் நன்கொடை கேட்கிறார்கள். அரசுக்கும் ஹார்வர்டுக்கும் நடக்கும் சண்டைக்கும் ஈக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மானியம் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது, அவ்வளவுதான் காரணம். பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுவதும், பணம் கொடுக்கிறவர் ஒருவர். சந்தாவைத் திட்டிய நான் இன்று சந்தா முறையைச் சற்று மரியாதையோடு பார்க்கிறேன்.

நாமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ஈயும் புழுவும் வரிமீனும் வைத்து வேலை செய்யும் ஆய்வகங்கள் நிறைய. எல்லோரும் இந்தத் தளங்களைத் தினமும் திறக்கிறோம். எந்த ஆய்வுத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலாவது "தரவுத்தளப் பங்களிப்பு" என்று ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? வேதிப்பொருளுக்கு உண்டு, விமானப் பயணத்துக்கு உண்டு.

22 ஜூன் 2025

"இனி செயற்கை நுண்ணறிவே கட்டுரை படித்துவிடாதா?" படிக்கும். வொர்ம்பேஸ்காரர்கள் 2004இலேயே டெக்ஸ்ட்பிரெசோ என்ற கருவியை வைத்து முழுக் கட்டுரைகளை அலசத் தொடங்கிவிட்டார்கள். இயந்திர உதவி அவர்களுக்குப் புதிது இல்லை. பொறுக்கி எடுக்க அது நன்றாக உதவும். சிக்கல் வேறு இடத்தில். கட்டுரையில் மரபணு பெயர் இருக்கும், வகையின் எண் இருக்காது. படத்தில் இருப்பது ஒன்று, படக்குறிப்பு சொல்வது இன்னொன்று. அப்போது தொகுப்பாளர் எழுத்தாளருக்கு மின்னஞ்சல் போடுவார். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. எந்த வெப்பநிலையில் வளர்த்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். டாஃப்-2 போன்ற வகைகளில் 20 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் நடுவே வேறு விலங்காகவே மாறிவிடும் என்பதால் அது சில்லறைக் கேள்வி இல்லை. இயந்திரம் அந்த மின்னஞ்சலை எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாராவது எழுத வேண்டும்.

6 ஜூலை 2025

தனிச்செய்தியில் ஒரு மாணவி கேட்டது எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே. ஆய்வேட்டில் மரபணுவை எப்படிக் குறிப்பது?

பெயர், வொர்ம்பேஸ் அடையாள எண், அந்தத் தளத்தின் வெளியீட்டு எண் மூன்றையும் எழுதுங்கள். டாஃப்-2க்கு அடையாள எண் 00000898. பெயர் மாறலாம், இந்த எண் மாறாது. டபிள்யூ.எஸ். என்று தொடங்கும் வெளியீட்டு எண் எதற்கு என்றால், கீழே உள்ள வரிசையே மாறும். முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த மரபணுத்தொகையை 2019இல் புதிய கருவிகளால் மறுபடி படித்தபோது குறைந்தது 18 லட்சம் எழுத்துகள் கூடுதலாகக் கிடைத்தன. நீங்கள் கொடுத்த இட எண் எந்த ஆண்டுக் கணக்கின்படி என்று தெரியாவிட்டால் பின்னால் வருகிறவர் உங்கள் மரபணுவைப் பக்கத்து வீட்டில் தேடுவார்.

உங்கள் சோதனையில் எதிர்பார்த்தது வரவில்லையா? அதையும் தூக்கிப்போடாதீர்கள். மைக்ரோபப்ளிகேஷன் பயாலஜி என்ற இதழ் ஒரே ஒரு படமுள்ள சின்ன முடிவுகளை, 'விளைவு இல்லை' என்ற முடிவுகளையும், நிபுணர் பார்வைக்கு அனுப்பி வெளியிடுகிறது. அவை நேராகத் தரவுத்தளத்துக்குள் போகின்றன. உங்கள் வழிகாட்டி ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த இழையைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், அவர் எழுதிய கட்டுரையில் இந்தத் தளங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறாரா என்று பணிவாகத் தேடிப் பாருங்கள்.